பின்பக்கத் தோற்றம்

1

போன சனிக்கிழமை ஒரு காவலர் என்னை நிறுத்தி, இந்தக் கட்டடத்தை எதற்காக மூன்று முறை சுற்றினீர்கள் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். என்னிடம்தான் நியாயமான பதில் இல்லை.

நெதர்லாந்தில் ராட்டர்டாம் என்ற துறைமுக நகரத்தில் குடியிருக்கிறேன். ஊர் நடுவில் ஒரு பூங்காவை ஒட்டி, பொங்கல் பானை வடிவத்தில் பெரிய கட்டடம் ஒன்று இருக்கிறது. உடம்பு முழுக்கக் கண்ணாடி. வானம், மேகம், மரம், சைக்கிளில் போகிறவர்கள், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் நான், எல்லாரும் அதில் வளைந்து வளைந்து தெரிவோம். காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பெரிதாக ஒரு கட்டடத்தைப் பார்த்தால் கால் தானாக இடப்பக்கம் திரும்பிவிடும். கட்டடம் வலக்கைப் பக்கம் இருக்க ஒரு சுற்று வந்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. மனதுக்குப் பிடித்துவிட்டால் மூன்று. இத்தனைக்கும் நான் பெரிய பக்தன் இல்லை. இது காலுக்கு வந்த பழக்கம், மனசுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. செருப்பைக் கழற்றாமல் சுற்றுகிறேன், அந்த மட்டுக்கும் முன்னேறியிருக்கிறேன்.

காவலருக்கு டச்சு மொழியில் பதில் சொல்ல முடிவெடுத்தேன். அங்கேதான் சனி பிடித்தது. அந்த மொழியில் ‘வியந்து பார்க்கிறேன்’ என்பதும் ‘காவல் காக்கிறேன்’ என்பதும் ஆரம்பத்தில் ஒன்றுபோலவே இருக்கும். “நான் இந்தக் கட்டடத்தைக் காவல் காக்கிறேன்” என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டேன். அவர் தன் சட்டையில் குத்தியிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டி, “அது என் வேலையாச்சே” என்றார்.

என் மகள் மதுவுக்குப் பதினாறு வயது. நான் சுற்றத் தொடங்கினாலே, இந்த மனிதர் யாரென்றே தெரியாது என்கிற முகத்தோடு தூரப் போய் நின்றுகொள்வாள். அன்றைக்குப் பாவம் பார்த்து வந்தாள். அவரிடம் இரண்டு வாக்கியம் பேசினாள். காவலர் சிரித்து, என் தோளைத் தட்டிக்கொடுத்து, நன்றாகச் சுற்றுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

“என்னம்மா சொன்னே அவர்கிட்ட?”

“உங்களுக்கு வயசாயிடுச்சின்னு சொன்னேன்” என்றாள்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் காவலர் இல்லை. மறுநாள் காலை ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அந்த அழைப்பைச் சொல்வதற்கு முன், எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும். சண்டைக்குக் காரணம் நான். அதில் சந்தேகமே வேண்டாம்.

2

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். பட்டுத் தறிக்காரர்கள் தெரு. அப்பா நெய்தார். இப்போது தம்பி ஏகாம்பரம் நெய்கிறான். நல்ல கைக்காரன், வேலைக்குக் குறைவில்லை, முன்கூடத்தில் இரண்டு தறி ஓடுகிறது. எனக்குத் தறியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும், கணக்குப் போட்டால் வலிக்காது. எனவே என்னைப் படிக்க வைத்தார்கள். படித்துக் கணினி வேலைக்கு வந்து, நாளெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து இப்போது எனக்கும் முதுகு வலிக்கிறது.

வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கைலாசநாதர் கோயில். பல்லவர் காலத்து மணற்கல். சின்ன வயதில் அது எங்களுக்குப் பரீட்சைக்குப் படிக்க நிழலான இடம், அவ்வளவுதான். அங்கே கருவறையைச் சுற்ற வேண்டுமென்றால் ஒரு குறுகலான பொந்துக்குள் நுழைந்து தவழ்ந்து வரவேண்டும். இப்போது நுழைந்தால் தீயணைப்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். வெள்ளைக்காரர்கள் வந்து புல்தரையில் மல்லாந்து படுத்துக் கோயில் விமானத்தைப் படம் எடுப்பார்கள். நாங்கள் பையன்கள் கூடி நின்று சிரிப்போம். சில வருடங்களுக்கு முன் பார்சிலோனாவில் ஒரு பெரிய தேவாலயத்தின் முன்னால் நான் மல்லாந்து படுத்துப் படம் எடுத்தேன். அந்த ஊர்ப் பையன்கள் கூடி நின்று சிரித்தார்கள்.

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் எல்லாரும் கார் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். என்னிடம் கார் இல்லை. எனவே கட்டடத்தின் முன்னால் நின்று எடுத்து அனுப்பத் தொடங்கினேன். போகப் போக என்னையே விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் எடுத்தேன். விடுமுறை வந்தால் போதும், மலிவு டிக்கெட் எந்த ஊருக்குக் கிடைக்கிறதோ அந்த ஊருக்கு. சுமதி என் மனைவி, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து மாகறல்காரி. “ஸ்தபதி கெளம்பிட்டாரு” என்று சொல்லிக்கொண்டே பெட்டி கட்டுவாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெரிய நிபுணன்போல ‘கிழக்குப் பக்கத் தோற்றம், காலை வெயிலில்’ என்று தமிழில் எழுதிக் குடும்பக் குழுவில் போடுவேன். தம்பி ஒரு கட்டைவிரல் போடுவான். அம்மாதான் குரலில் பதில் அனுப்புவாள்.

பிராக் நகரத்தில் ஆற்றங்கரையோரம் ஒரு கட்டடம் இடுப்பை ஒடித்து ஆடுவதுபோல நிற்கும். அதைப் பார்த்து, “ஏம்பா, அஸ்திவாரம் எறங்கிடுச்சா?” என்றாள்.

ஸ்பெயினில் பில்பாவோ என்ற ஊரில் ஓர் அருங்காட்சியகம். தகடுகளை அலை அலையாக வளைத்துச் சுருட்டிக் கட்டியது. நான் அதன் முன் நின்று கண்கலங்கியதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அம்மா, “இன்னாடா இது, மடிக்காம வச்ச சேல மாதிரி கெடக்குது. மழத் தண்ணி எந்தப் பக்கம் எறங்குது?” என்று கேட்டாள். நான் போய் யாரையாவது விசாரித்துச் சொல்வேன் என்றுகூட எதிர்பார்த்தாள்.

வியன்னாவில் ஓர் அடுக்குமாடி. ஜன்னலுக்கு ஒரு நிறம், தரையெல்லாம் மேடும் பள்ளமும், மாடிக்கு மாடி மரம் தலையை நீட்டும். “வேரு உள்ள போச்சின்னா செவுரு பொளந்துக்கும். அவங்களுக்குச் சொல்லு” என்றாள். பார்சிலோனா தேவாலயத்தை நூறு வருடத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நான் உருகி உருகி எழுதியதற்கு அவள் சொன்ன பதில் ஒரே வரி. “மேஸ்திரி சரியில்ல.”

3

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் ஏகாம்பரம் கூப்பிட்டான்.

“அண்ணா, வூட்ட இடிச்சிட்டுப் புதுசா கட்லாம்னு இருக்கறோம். அம்மாவும் சரின்னுடுச்சி. பிளான் போட்டாச்சி. உன் கையெழுத்து வந்தா மனு குடுத்துடலாம்.”

அப்பா போனபிறகு வீடு அம்மா, நான், தம்பி மூன்று பேர் பேரிலும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது எனக்குப் பதிலாகப் போட அவனுக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு இங்கே தூதரகத்துக்குப் போய் முத்திரை வாங்க வேண்டும். ஒரு நாள் வேலை.

“மொகப்பு எலிவேஷன் கூட ரெடிண்ணா” என்றான் உற்சாகமாக. “நீ அனுப்புன போட்டோவுல ஒண்ண எடுத்து எஞ்சினியருகிட்ட குடுத்துட்டேன்.”

வரைபடத்தை அனுப்பினான். பார்த்ததும் எனக்கு மயக்கம் வராத குறை. எங்கள் ராட்டர்டாமில் மஞ்சள் நிறப் பெட்டிகளைக் கோணலாகத் தூக்கித் தூண்மேல் நிறுத்தியதுபோல ஒரு வரிசை வீடு இருக்கிறது. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகும். அதில் ஒரு பெட்டியைப் பிடுங்கி, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் பால்கனியாக ஒட்டியிருந்தார் எஞ்சினியர். கீழே பழுப்பு நிறக் கண்ணாடி. உச்சியில் ‘அம்மா இல்லம்’.

இது என் கைவேலை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எங்கள் வீட்டு முகப்பை உங்களுக்குச் சொல்லவில்லையே. நாட்டு ஓடு, இரண்டு தேக்குத் தூண், வாசக்காலில் கொடியும் கிளியுமாகச் செதுக்கல். தாத்தா காலத்தில் செய்தது. அங்கே இருந்த வரைக்கும் அந்தக் கிளிகளை நான் ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. சட்டை மாட்ட வசதியாக ஒரு கிளியின் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அது மட்டும் நினைவிருக்கிறது. ஐரோப்பாவில் இத்தனை ஊர் சுற்றிய பிறகு அந்தக் கிளிகள் எனக்குப் பொக்கிஷமாகிவிட்டன.

அன்று சாயங்காலமே குழுவில் ஒரு நீண்ட சொற்பொழிவைப் பதிவு செய்து போட்டேன். “இங்கே ஒரு பழைய வீட்டின் ஜன்னலுக்கு வேறு நிறம் பூச வேண்டும் என்றால்கூட நகராட்சியிடம் கேட்க வேண்டும். என்கூட வேலை செய்கிறவர் ஒருவர் அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார். ஊரே அந்தத் தெருவைப் பார்க்க வருகிறது. நாம் என்னடாவென்றால் கையில் இருப்பதை இடிக்கிறோம்.” அந்த நண்பர் தன் வீட்டுக் குளிரைத் தாங்க முடியாமல் உள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார் என்பதை நான் சொல்லவில்லை. வாதத்துக்கு அது தேவைப்படவில்லை.

முகப்பை மட்டும் அப்படியே நிறுத்திக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டலாமே என்று யோசனையும் கொடுத்தேன். இங்கே அப்படித்தான் செய்கிறார்கள். தம்பி பொறுமையாகக் கேட்டான்.

“முகப்ப வச்சிக்கினா ஜல்லி மண்ணுலாம் எந்த வழியாண்ணா உள்ள போவும்? ரெண்டு பக்கமும் பக்கத்து வூட்டு செவுரு ஒட்டிக்கினு இருக்குது. அதுவுமில்லாம இது மண்ணு வச்சிக் கட்ன செவுரு. பின்னால இடிச்சா முன்னால தானா வந்துடும்.”

“அதுக்கெல்லாம் இங்க ஒரு முறை இருக்கு” என்றேன். அந்த முறை என்ன என்று எனக்கும் தெரியாது.

4

மாதங்கள் ஓடின. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவ்வளவு நேர்மை என்னிடம் இல்லை. தூதரகத்தில் நேரம் கிடைக்கவில்லை என்றேன், அலுவலகத்தில் லீவு இல்லை என்றேன், மதுவுக்குக் காய்ச்சல் என்றேன். எங்கள் தமிழ்ச் சங்க மலருக்குப் ‘பாரம்பரிய முகப்புகளைக் காப்போம்’ என்று ஒரு கட்டுரை எழுத மட்டும் நேரம் கிடைத்தது. எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஏகாம்பரம் என்மேல் கோபப்பட்டதே கிடையாது. ஒரு நாள் அவனுக்கும் வாய் வந்தது.

“பெரிய பெரிய கட்டடமா பாத்துக்கினு வர, சந்தோசம். இந்தக் கட்டடத்துல நீ எப்பண்ணா ராத்தங்குன? ஊருக்கு வந்தா பஸ் ஸ்டாண்டாண்ட லாட்ஜுலதானே ரூம் போடற?”

சுருக்கென்றது. உண்மைதான். மது பிறந்ததிலிருந்து எப்போது போனாலும் லாட்ஜ்தான். பகலெல்லாம் வீட்டில் இருப்போம், சாயங்காலம் ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிடுவோம்.

“குழந்தைக்காகடா” என்றேன்.

“கொழந்த இப்போ உன் ஒசரத்துக்கு நிக்குது” என்றான்.

போனை வைத்துவிட்டுச் சுமதியிடம் நியாயம் கேட்டேன். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தது என் அடுத்த முட்டாள்தனம். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே, “கிளிக்காகவா லாட்ஜுக்குப் போறோம்? அந்த வூட்ல எது இல்லன்னு லாட்ஜுக்குப் போறோம், யோசிச்சிப் பாருங்க” என்றாள். யோசித்தால் விடை வந்துவிடும் என்று பயந்து நான் யோசிக்கவில்லை. எழுந்து போய்க் கட்டுரையைத் திருத்தினேன்.

கட்டுரைக்கு முகப்பின் நல்ல படம் ஒன்று தேவைப்பட்டது. ஐப்பசி மாதம். ஊரில் இரண்டு நாள் மழை பெய்து அன்றைக்கு வெயில் வந்திருந்தது. கழுவிவிட்டாற்போல இருக்கும், நல்ல வெளிச்சம். தம்பி மனைவி காஞ்சனாவைக் கூப்பிட்டு, வீடியோவில் வாசலைக் காட்டும்மா, நான் இங்கிருந்தே படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பெண் மூச்சுக் காட்டாமல் தெருவில் இறங்கி நின்று காட்டினாள். ஓடு, தூண், வாசக்கால், கிளி. கொஞ்சம் இடப்பக்கம் போ, கொஞ்சம் தாழ்த்திப் பிடி என்று நான் இங்கிருந்து ஆட்டிவைத்தேன்.

அப்போதுதான் உள்ளிருந்து அம்மா வந்தாள்.

5

“குடு இப்படி” என்று போனை வாங்கிக்கொண்டாள். திரை முழுக்க அவள் நெற்றியும் விபூதியும்.

“இன்னாடா குமரேசா, போட்டோ புடிக்கிறியாமே?”

“ஆமாம்மா. முகப்பை மட்டும்...”

“மொகப்பு மட்டும் இன்னாத்துக்கு? எந்தக் கட்டடத்தையும் ஒரு சுத்து வராம பாத்தேன்னு சொல்ல மாட்டியே நீ. இத்த சுத்த வழி இல்ல. வா, உள்ளாறவே வா, காட்றேன்.”

நடக்கத் தொடங்கினாள். போனை அவள் பிடிக்கிற பிடிக்கு எனக்கு மோட்டுவளையும் அவள் முந்தானையும் மாறி மாறித் தெரிந்தன. கூடத்தில் தறியில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் தலையைத் தூக்கி, “எங்கம்மா போற?” என்றான். “உங்க அண்ணனுக்கு ஊரச் சுத்திக் காட்றேன்” என்றாள். சமையலறையைத் தாண்டினாள். நடை மெதுவாகிவிட்டது. கொல்லைக் கதவைத் திறக்கும் சத்தம். மூச்சு வாங்கியது.

“தோ, பாரு. நீ எழுதி அனுப்புவியே, முன்பக்கத் தோற்றம், கெழக்குப் பக்கத் தோற்றம்னு. இது பின்பக்கத் தோற்றம்.”

போனைத் திருப்பினாள்.

கதவிலிருந்து இறங்க மூன்று கருங்கல் படி. ஒன்றும் ஒரே உயரத்தில் இல்லை. அப்புறம் திறந்த கொல்லை, தரையெல்லாம் மழைப் பாசி. அதற்கு அந்தக் கோடியில் தகரக் கதவும் சிமெண்டு ஓடுமாகக் கக்கூஸ். ஐம்பது வருடமாக அது அங்கேதான் இருக்கிறது. எனக்குத் தெரியாததில்லை. தெரியாதது ஒன்று இருந்தது. கொல்லைக் கதவின் நிலையிலிருந்து கக்கூஸ் சுவரில் அடித்த ஆணிவரைக்கும், இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுகிற தடித்த கயிறு.

“எதுக்கும்மா கயிறு?”

“துணி காயப் போடறதுக்கு மாமா” என்று பின்னாலிருந்து காஞ்சனா அவசரமாகச் சொன்னாள்.

“துணி காயறதுக்கு இவ்ளோ தாழ்வாவா கட்டுவாங்க?” என்றாள் அம்மா. “புடிச்சிக்கினு போவறதுக்குடா. போன மழையில வழுக்கி உழுந்தேன்ல, அப்ப ஏகாம்பரம் கட்னான்.”

“உழுந்தியா? முட்டி வலின்னுதானே சொன்ன?”

“உழுந்தா முட்டி வலிக்காதா?”

அவள் விடுவதாக இல்லை. ஒரு கையில் போன், இன்னொரு கையால் கயிற்றைப் பிடித்து, முதல் படியில் காலை வைத்துவிட்டாள். படம் ஆடியது. பாசி மேலே வந்தது, வானம் கீழே போனது.

“அம்மா, வேணாம்மா! எறங்காத! காஞ்சனா, புடிம்மா!”

“இருடா. உள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்குது, நடுவுல ஓட்ட போட்டு வச்சிருக்கான் உன் தம்பி. அதயும் பாத்துடு. வெயிலு நல்லா வுழுது, போட்டோ எடுத்துக்கோ.”

கோபமாகச் சொல்லவில்லை. என் படங்களுக்குப் பதில் சொல்லும் அதே குரல்தான். பிராக் நகரத்துக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் இறங்கிவிட்டதா என்று கேட்ட அதே குரல். நான் படம் எடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எத்தனை நாட்டில் எத்தனை கட்டடத்தைப் பின்பக்கம்வரை சுற்றி வந்திருக்கிறேன். என்னைப் பெற்றவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை எந்த வழியில் இறங்கி ஏறுகிறாள் என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. லாட்ஜில் வெள்ளை வெளேரென்று மேற்கத்திய கக்கூஸ் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அறை எடுத்தவன், எனக்கு ஒரு பாரம்பரியம், அதற்கு ஒரு கட்டுரை.

காஞ்சனா ஓடிவந்து அம்மாவைப் பிடித்து மேலே ஏற்றினாள்.

6

மறுவாரமே ஹேக் நகரத்துக்கு, தூதரகத்துக்குப் போனேன். சாட்சிக்குச் சுமதியும் அவள் தோழி ஒருத்தியும் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். வரிசையில் என் முறை வந்தபோது நான் கொண்டுபோயிருந்த புகைப்படம் வேறு அளவு, கடவுச்சீட்டின் நகல் வீட்டு மேசைமேல். என்ன வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. சுமதி அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ரயிலில் ஏறியபிறகு, திரும்பும் வழி முழுக்கச் சொன்னாள். இரண்டாம் முறை எல்லாம் சரியாக எடுத்துப் போய் முத்திரை வாங்கி, அன்றைக்கே அனுப்பிவைத்தேன். அந்தப் பக்கம் பழைய அழகான வீடுகள் நிறைய உண்டு. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். பார்த்தேன். சுற்றவில்லை.

வீட்டை இடித்தார்கள். தம்பி சொன்னதுபோலவே, பின்னால் கை வைத்ததும் முன்சுவர் தானாக வந்துவிட்டது. அம்மாவும் தம்பி குடும்பமும் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போனார்கள். வாசக்காலை விற்கலாமா என்று ஏகாம்பரம் கேட்டான், “உன் இஷ்டம்ண்ணா” என்றான். இல்லை, உன் இஷ்டம்தான் என்றேன். அவன் அதைத் துடைத்து, வார்னிஷ் அடித்து, புது வீட்டில் தறிக்கூடத்துக்கு வாசலாக வைத்துவிட்டான். என்னைவிட அவனுக்குத்தான் அதில் ஆசை இருந்திருக்கிறது. என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கோணல் பெட்டியை மட்டும் அவன் விடவில்லை. மாடியில் கட்டியேவிட்டான். மஞ்சள் பெயிண்டு வேறு. நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். “நீதானேண்ணா உலகமே வந்து பாக்குதுன்னு எழுதுன?” என்று வாயை அடைத்துவிட்டான். தெருவில் எங்கள் வீட்டுக்கு இப்போது ‘கோணப்பொட்டி வூடு’ என்று பெயர். ஆட்டோக்காரர்கள் அதை வைத்துத்தான் வழி சொல்கிறார்களாம். பல்லவர்கள் கட்டிய ஊரில் என் பங்குக்கு ஒன்று எழும்பி நிற்கிறது.

கிரகப்பிரவேசத்துக்கு நான் போகவில்லை. மதுவுக்குப் பரீட்சை. போனில்தான் பார்த்தேன். யாரோ ஒருவர் கையில் என்னைக் கொடுத்திருந்தார்கள், அவர் பந்திக்குப் போகும்போது சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். பாதி விழாவை இருட்டில் கேட்டேன்.

7

போன ஞாயிற்றுக்கிழமை, காவலர் என்னைப் பிடித்ததற்கு மறுநாள், அம்மா கூப்பிட்டாள். சுமதி அந்தக் கதையை ஒன்றுக்குப் பத்தாக்கிக் குழுவில் போட்டுவிட்டிருந்தாள்.

“இன்னாடா, வாட்ச்மேன் வேலைக்குச் சேந்துட்டியாம்?” என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

புது வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. கீழ்த்தளத்தில் தறிக்கூடத்துக்கு அடுத்தது அம்மாவின் அறை. நான் வழக்கம்போல, பால்கனியில் வெடிப்பு ஏதாவது விட்டிருக்கிறதா, மழைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

“அத்தெல்லாம் உன் தம்பிய கேளு. நான் மாடி ஏறுறதில்ல. இரு, ஒண்ணு காட்றேன்.”

என்னைக் கையில் பிடித்தபடி நடந்தாள். நடை சீராக இருந்தது. அறையின் மூலையில் ஒரு கதவு. பளபளவென்று பிளாஸ்டிக் கதவு. அதில் நீலக் கடலும், கடலிலிருந்து இரண்டு டால்பின்கள் துள்ளிக் குதிப்பதும் அச்சடித்திருந்தது. திறந்து உள்ளே காட்டினாள். உயரமான வெள்ளைக் கக்கூஸ், சொரசொரப்பான தரை, சுவரில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. நான் பாராட்டத் தயாரானேன்.

“இரு” என்று என்னை எதிரில் இருந்த ஜன்னல் மேடையில் சாய்த்து வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டால்பின்கள் மட்டும் என்னைப் பார்த்தன. உள்ளே கிறீச்சென்று ஒரு சத்தம்.

“குமரேசா, கேட்டுச்சா?”

“எதும்மா?”

“தாப்பா.”

“கேட்டுச்சிம்மா.”

அவள் உள்ளிருந்தே சொன்னாள். “உழுந்ததுலேர்ந்து நான் தாப்பா போட்டதே இல்லடா. உள்ள உழுந்து கெடந்தா யாரு கதவ ஒடைக்கிறதுன்னு தெறந்தேதான் வைப்பேன். காஞ்சனா பொண்ணு மழையிலயும் வெயில்லயும் அந்தாண்ட திரும்பிக்கினு நிக்கும். பாவம், ஒரு நாளு மூஞ்சி சுளிச்சதில்ல. வாடக வூட்லயும் அப்டித்தான்.”

நான் டால்பின்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்போ நல்லா இருக்காம்மா?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்குது. நீ இன்னும் அங்கயேவா இருக்கற?”

“இருக்கேம்மா.”

“போன வையிடா. பக்கத்துல ஆளு இருந்தா எனக்கு வராது.”

வைத்துவிட்டேன்.